சத்தம் எங்கே இருக்கிறது? பெட்டியிலா, புரோகிராமிலா?

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல்)

"ஹார்ட்வேரா, சாஃப்ட்வேரா?" என்று எங்கள் வகுப்பில் யாராவது கேட்டால் அது கேம்பஸ் இன்டர்வியூ பற்றிய கேள்வி என்றுதான் எல்லோரும் நினைப்போம். எங்கள் வீட்டில் அது சோற்றுக் கேள்வி.

என் தாய்மாமா போத்தனூரில் இருக்கிறார். இன்னிசைக் குழுக்களில் கீபோர்டு வாசிப்பவர். கல்யாண ரிசப்ஷன், கோயில் நோம்பி, சர்ச் விழா என்று 25 வருஷமாக அவர் குடும்பம் நடப்பது அந்தப் பத்து விரல்களில்தான். போன தை மாதம் குழுவை நடத்துகிற அண்ணன் வந்து, "வைகாசி சீசனுக்குள்ள லேப்டாப்புக்கு மாறிக்கிருங்க. புதுப் பாட்டு சவுண்டெல்லாம் உங்க பெட்டியில வர்றதில்லீங்க. முடியலைன்னா சொல்லுங்க, ஒரு பையனைப் பார்த்து வெச்சிருக்கறேன்" என்று மரியாதையாகவே சொல்லிவிட்டுப் போனார். மரியாதையாகச் சொன்னதுதான் மாமாவுக்கு ரொம்ப உறைத்தது.

பழைய கீபோர்டை 18,000 ரூபாய்க்குக் கேட்டு ஒரு பார்ட்டியும் தயாராக இருந்தது. மாமா என்னைக் கூப்பிட்டு, "நீ இதைத்தானே மாப்ளே படிக்கறே? வித்துப்போட்டு லேப்டாப் வாங்கிரலாமா? நீ சொல்லு" என்றார். எங்கள் வீட்டில் என் படிப்பை நம்பி யாரும் ஒரு முடிவு எடுக்கக் காத்திருந்தது அதுதான் முதல் தடவை. நாலு மாதம் அவகாசம் இருந்தது. அந்த நாலு மாதத்தில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். சிவில், மெக்கானிக்கல் நண்பர்கள் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள், கணக்கு கொஞ்சம்தான் வரும்.

சிந்தசைசர் என்பது மின்சாரத்திலிருந்தே சத்தத்தை உண்டாக்கும் கருவி. லேபில் 555 ஐ.சி.யை வைத்து 'கீ...' என்று கத்த வைத்தோமே, அதற்குப் பெரியப்பா என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு ஆஸிலேட்டர் சத்தத்தை உண்டாக்கும், ஒரு ஃபில்டர் அதைச் செதுக்கும், ஒரு ஆம்ப்ளிஃபையர் அதை எழுப்பி அடக்கும். அமெரிக்காவில் ராபர்ட் மூக் செய்த சிந்தசைசர் ஒன்று 1969-லேயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு வந்து இறங்கியிருக்கிறது. மேடைக்குத் தூக்கிக்கொண்டு போகிற அளவுக்கு அடக்கமான மினிமூக் 1970-ல்தான் வந்தது. பம்பாயில் சினிமாவுக்கு வாசித்துக்கொண்டிருந்த சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் கம்பெனியின் மூன்று பெட்டிகளை வைத்துப் பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து ஓர் இசைத்தட்டுப் போட்டார். அப்போது அது விலை போகவில்லை. 2010-ல் மறுபடி வெளிவந்தபோதுதான் உலகமே திரும்பிப் பார்த்தது.

நம் பக்கத்துக் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆர்.கே. சேகர் 1976-ல் மறைந்த பிறகு, அவர் வைத்திருந்த வாத்தியங்களை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் காலம் தள்ளியது. அந்த வீட்டுப் பையன் இளையராஜா உள்ளிட்டவர்களுக்குக் கீபோர்டு வாசித்து, 1989-ல் வீட்டோடு பஞ்சதன் ஸ்டுடியோவை அமைத்து, 1992-ல் 'ரோஜா'வைக் கொடுத்தார். ஏ.ஆர். ரகுமானின் திறமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் 'வாடகைக்கு விட்டார்கள்' என்ற வரியை மாமா அடிக்கடி சொல்லுவார். ஒரு பெட்டி குடும்பத்தைக் காப்பாற்றும் என்பதற்கு அவருக்கு அதுதான் அத்தாட்சி.

சரி, மாமாவின் பெட்டிக்கு வருகிறேன். ஜப்பான் கம்பெனி, 1990-களில் செய்தது. பெயர் வேண்டாம், மேடைக்கு மேடை பார்த்திருப்பீர்கள். அதைத் திறந்து பார்த்தபோது எனக்கு ஒரு பெரிய சமாசாரம் விளங்கியது. உள்ளே நான் எதிர்பார்த்த ஆஸிலேட்டரும் இல்லை, ஃபில்டர் சர்க்யூட்டும் இல்லை. ஒரு பிராசஸர், ராம், ரோம், டிஜிட்டலை அனலாகாக மாற்றும் ஒரு சிப், பவர் சப்ளை, அவ்வளவுதான். மைக்ரோகன்ட்ரோலர் பாடத்தில் போர்டில் வரைகிற அதே படம்! அதாவது 'ஹார்ட்வேர்' என்று நாம் கும்பிடுகிற அந்தப் பெட்டிக்குள் ஓடுவதும் ஒரு புரோகிராம்தான். மூடி போட்டு ஸ்க்ரூ முடுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவே வித்தியாசம்.

இது இன்றைக்கு நேற்று நடந்ததல்ல. 1983-ல் வந்த யமஹா டி.எக்ஸ்.7 கீபோர்டு எண்பதுகளின் பாட்டுகளில் மணியாகவும் எலெக்ட்ரிக் பியானோவாகவும் கணீரென்று கேட்குமே, அது முழுக்க டிஜிட்டல். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஜான் சௌனிங் கண்டுபிடித்த முறை அது. ரேடியோவில் படிக்கிற அதே ஃப்ரீக்வென்சி மாடுலேஷன்தான், ஆனால் காதுக்குக் கேட்கிற அலைவரிசையில். ஆறு சைன் அலைகள், அவற்றை ஒன்றோடு ஒன்று கோர்க்க 32 வழிகள். உள்ளே இருப்பது கணக்கு என்றால், கணக்கை எந்த மெஷினில் போட்டாலும் விடை ஒன்றுதானே? டெக்ஸட் என்ற இலவச பிளக்இன் அதைத்தான் செய்கிறது. அண்ணனின் பழைய லேப்டாப்பில் அதை ஏற்றி மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டவர், "அட, அதேதான்டா!" என்றார். பிறகு கண்ணைத் திறந்து லேப்டாப்பைப் பார்த்தார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

பிளக்இன் என்பது என்ன என்று ஒரு வரி. 1996-ல் ஜெர்மனியின் ஸ்டெயின்பெர்க் கம்பெனி வி.எஸ்.டி. என்ற முறையைக் கொண்டுவந்தது. பாட்டுப் பதிவு செய்யும் பெரிய புரோகிராமுக்குள் சின்னச் சின்ன புரோகிராம்களைச் செருகலாம். 1999-ல் வாத்தியங்களையே அப்படிச் செருகலாம் என்று ஆனது. பெட்டி செய்த கம்பெனிகளே பிறகு தங்கள் பெட்டிகளை பிளக்இன்னாக விற்க ஆரம்பித்துவிட்டார்கள். கோர்க் கம்பெனி 1988-ல் எம்-1 என்று ஒன்று விட்டது. அதில் இருந்த எல்லா வாத்தியங்களின் ஒலி மாதிரிகளும் சேர்ந்து மொத்தம் 4 மெகாபைட். இன்றைக்கு உங்கள் போனில் எடுக்கிற ஒரு போட்டோ அளவு. அந்த 4 மெகாபைட்டை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை பாட்டுப் போட்டார்கள்! இப்போது ஒரு பியானோ மட்டுமே பல ஜிகாபைட் வருகிறது. இறக்கி முடிக்கிற வரைக்கும் பொறுமை இருப்பதில்லை, இறக்கியதும் அடுத்த பியானோவைத் தேடுகிறோம்.

அனலாக் பெட்டிகள் விஷயம் வேறு, அதையும் சொல்லிவிடுகிறேன். மினிமூக் மாதிரிப் பெட்டிகளில் சுருதி டிரான்ஸிஸ்டரை நம்பி இருக்கிறது. அதில் வருகிற தெர்மல் வோல்டேஜ் சாதாரண அறைச் சூட்டில் சுமார் 26 மில்லிவோல்ட் என்று படித்திருக்கிறோம். சூடு ஏறினால் அதுவும் ஏறும், கூடவே சுருதியும் நகரும். அந்த நகர்வைத்தான் 'உயிர்' என்று சொல்லி ரசிக்கிறார்கள். சித்திரை வெயிலில் கோயில் மைதானத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே நின்று வாசிக்கிறவரைக் கேட்டால் வேறு பெயர் சொல்லுவார். எனக்கு அந்தப் பெட்டிகளின் மேல் ஆசை உண்டு. ஆனால் கொங்கு நாட்டு மேடைகளில் நான் பார்த்த வரையில் அவை கிடையாது, ஆகவே நம் வழக்கில் அவை சாட்சி இல்லை.

ஆக, சத்தத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது என்று ஆகிவிட்டது. "அப்ப வித்துரலாம்கறியா?" என்றார் மாமா. "இருங்க மாமா, வாசிச்சுப் பாருங்க" என்று லேப்டாப்போடு ஒரு சின்ன மிடி கீபோர்டை இணைத்துக் கொடுத்தேன். நாலு சுரம் வாசித்தார், நிறுத்திவிட்டார். "கை ஒரு பக்கம் போகுது, சத்தம் பின்னாடி நடந்து வருதுடா."

இங்கேதான் நம் படிப்பு உபயோகப்பட்டது. கம்ப்யூட்டர் சத்தத்தைச் சொட்டுச் சொட்டாகத் தருவதில்லை, குடம் குடமாகத்தான் ஊற்றும். அந்தக் குடத்துக்குப் பெயர் பஃபர். விநாடிக்கு 44,100 மாதிரிகள் என்று வைத்தால், 1,024 மாதிரிகள் பிடிக்கிற குடம் நிரம்ப 23 மில்லிசெகண்ட் ஆகும். காற்றில் ஒலி ஒரு விநாடிக்குச் சுமார் 343 மீட்டர் போகிறது. கணக்குப் போட்டால் 23 மில்லிசெகண்ட் என்பது 8 மீட்டர். அதாவது மாமா வாசிக்கிற ஸ்பீக்கரைக் கொண்டுபோய் தெருவுக்கு எதிர் வீட்டில் வைத்த மாதிரி! ஆடியோ இன்டர்ஃபேஸ் ஒன்றைக் கடன் வாங்கி, அதற்குரிய டிரைவரைப் போட்டு, குடத்தை 256-ஆகச் சின்னதாக்கினேன். 5.8 மில்லிசெகண்ட், சுமார் 2 மீட்டர். "இப்பப் பரவால்ல" என்றார். 128-க்கு இறக்கினேன். லேப்டாப்பால் 2.9 மில்லிசெகண்டுக்குள் கணக்கை முடித்துத் தர முடியவில்லை, பொரி வறுக்கிற மாதிரிப் படபடவென்று வெடித்தது. மறுபடி 256-க்கே வந்தோம்.

பெட்டியில் தாமதமே இல்லையா? உண்டு. கீபோர்டுகளைப் பேச வைக்கும் மிடி முறை 1983-ல் வந்தது. டேவ் ஸ்மித்தும் ரோலண்ட் நிறுவனர் இகுதாரோ ககேஹாஷியும் முன்னின்று கொண்டுவந்தது. 2013-ல் இருவருக்கும் அதற்காக டெக்னிக்கல் கிராமி விருது கொடுத்தார்கள். அதன் வேகம் விநாடிக்கு 31,250 பிட். ஒரு சுரத்தைச் சொல்ல மூன்று பைட், பைட்டுக்குப் பத்து பிட், ஆக சுமார் ஒரு மில்லிசெகண்ட். பத்து விரலையும் ஒன்றாக வைத்தால் கடைசி விரலின் செய்தி முதல் விரலுக்குச் சுமார் 9 மில்லிசெகண்ட் பின்னால் போய்ச் சேரும். யாரும் குறை சொன்னதில்லை. தாமதம் எவ்வளவு என்பதைவிட அது எப்போதும் ஒரே அளவாக இருப்பதுதான் முக்கியம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெட்டி என்றைக்கும் ஒரே மாதிரி தாமதிக்கும், விரல் பழகிக்கொள்ளும். லேப்டாப் பின்னணியில் எதையோ தேடப் போனால் அன்றைக்கு வேறு மாதிரி தாமதிக்கும்.

அந்தச் சின்ன மிடி கீபோர்டின் கட்டைகளும் மாமாவுக்குப் பிடிக்கவில்லை. ஒரு கட்டைக்கு அடியில் இரண்டு ரப்பர் கான்டாக்ட்கள் உண்டு. கட்டை இறங்கும்போது ஒன்று முதலிலும் மற்றது சற்றுப் பின்னாலும் தொடும். இடைப்பட்ட நேரத்தை அளந்து, 'இவர் மெதுவாகத் தொட்டார், இவர் அடித்தார்' என்று 1 முதல் 127 வரை ஒரு நம்பர் போடுகிறது. மாமாவின் பெட்டியில் அந்த நம்பர்கள் 25 வருஷமாக அவர் கைக்குப் பழகியவை. புதுசில் அவர் மெதுவாகத் தொட்டால் சத்தமே வரவில்லை, கொஞ்சம் அழுத்தினால் கத்தியது. சுருதியை வளைக்கிற லீவரும் அப்படியே. கீபோர்டில் நாதஸ்வரம் வாசிக்கிறவருக்கு வலது கை பாதி, லீவரைப் பிடிக்கிற இடது கை பாதி. சுரத்தைத் தொட்டு அரைச் சுரம் வழுக்கி மேலே போகிற அந்த இடத்தில்தான் கூட்டத்தில் யாராவது பாட்டிமார் தலையை ஆட்டுவார்கள். புது லீவர் விரல் நீளம்கூட இல்லை.

எதிர்ப்பக்க நியாயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு ரிசப்ஷனில் கரண்ட் போய் ஜெனரேட்டர் மாறுகிற இடைவெளியில் மாமாவின் பெட்டி அணைந்தது. திரும்ப உயிர் வந்து பழைய சவுண்டைத் தேடிப் பிடிப்பதற்குள் பாடகி பல்லவியை இரண்டு தடவை வெறும் தபேலாவோடு பாடினார். லேப்டாப்பாக இருந்தால் பேட்டரியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். (மிக்ஸரும் ஸ்பீக்கரும் செத்துக் கிடந்ததால் அது யாருக்கும் கேட்டிருக்காது என்பது வேறு விஷயம்.) பெட்டி கனம் அதிகம், ஸ்டாண்டோடு தூக்கிக்கொண்டு உக்கடம் வழியாக பஸ்ஸில் போக முடியாது, ஆட்டோதான். ரிப்பேர் ஆனால் ஸ்பேர் கிடைப்பதில்லை. லேப்டாப்பில் நேற்று வந்த பாட்டின் சவுண்டை இன்று ராத்திரி உட்கார்ந்து செய்துவிடலாம். குழு அண்ணன் சொன்னதில் தப்பே கிடையாது.

ஆனால் வேறொரு மேடையில் இளைஞர் ஒருவரின் லேப்டாப், மாப்பிள்ளை பெண்ணை மேடைக்கு அழைத்து வருகிற நேரம் பார்த்து 'அப்டேட் ஆகிறது, அணைக்காதீர்கள்' என்று நீலத் திரையைக் காட்டியதையும் கண்ணால் பார்த்தேன். பாவம், அந்த ஏ.சி. இல்லாத மண்டபத்திலும் அவருக்கு வேர்த்தது வெயிலால் அல்ல.

இதற்கு நடுவில்தான் உண்மையான ஆபத்து தெரிந்தது. மாமாவின் பெட்டியை ஆன் செய்யும்போதெல்லாம் பேட்டரி குறைகிறது என்று ஒரு வரி வந்து மறையும். மாமா அதைக் கண்டுகொள்வதே இல்லை. "அது எப்பவும் சொல்லும்டா." உள்ளே ரூபாய் நாணயம் மாதிரி ஒரு லித்தியம் செல் இருக்கிறது. அதன் தயவில்தான் மாமா தன் கையால் செய்து சேமித்த 128 சவுண்டுகளும் உயிரோடு இருக்கின்றன. இந்தப் பாட்டுக்கு இந்தப் புல்லாங்குழல், அந்தப் பாட்டுக்கு வயலினோடு கொஞ்சம் மணி கலந்தது, சர்ச்சுக்கு ஒரு ஆர்கன், மாரியம்மன் பாட்டுக்கு ஒரு உடுக்கை. எல்லாம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து காதால் அளந்து செய்தவை. செல் செத்தால் அத்தனையும் போகும். செல்லைக் கழற்றினாலும் போகும். நகல் எடுக்கலாம் என்றால் ஃப்ளாப்பி டிரைவ் எப்போதோ கண்ணை மூடிவிட்டது, இருந்த ஃப்ளாப்பிகளில் பூஞ்சை.

பெட்டியை 18,000-க்கு விற்றிருந்தால் அந்த 128-ம் சேர்ந்துதான் போயிருக்கும். வாங்குகிறவர் முதல் வேலையாக அவற்றை அழித்திருப்பார்.

வழி மிடியிலேயே இருந்தது. பெட்டியின் உள் நினைவு முழுவதையும் மிடி வயர் வழியாக வெளியே கொட்டச் சொல்ல ஒரு கட்டளை உண்டு. பெட்டியின் மிடி அவுட்டிலிருந்து இன்டர்ஃபேஸின் மிடி இன்னுக்கு ஒரு வயர், லேப்டாப்பில் ஒரு இலவச புரோகிராம். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. 25 வருஷ உழைப்பு ஒரு போட்டோவைவிடச் சின்ன ஃபைலாக உட்கார்ந்திருந்தது. பென்டிரைவில் ஒன்று, என் மெயிலில் ஒன்று, அண்ணன் கம்ப்யூட்டரில் ஒன்று என்று மூன்று நகல் வைத்துவிட்டு, பிறகுதான் பெட்டியைத் திறந்து செல்லை மாற்றினேன். ஆன் செய்தால் எதிர்பார்த்தபடியே அத்தனை சவுண்டும் காணோம், கம்பெனியிலிருந்து வந்த நாள் மாதிரி வெறிச்சென்று இருந்தது. மாமா எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். ஃபைலைத் திரும்பி உள்ளே அனுப்பி முதல் சவுண்டை எடுத்து ஒரு கட்டையை அழுத்தினேன். அந்த மாரியம்மன் உடுக்கை. வாசலில் இருந்து, "வந்துருச்சா?" என்று குரல் மட்டும் வந்தது.

அன்றைக்குப் பிறகு விற்கிற பேச்சு எழவில்லை. இப்போது மேடையில் மாமாவின் பெட்டிதான் முன்னால். பழைய பாட்டுகளுக்கு அதன் சவுண்டே. புதுப் பாட்டு வந்தால் காலால் ஒரு சுவிட்ச், அதே கட்டைகள் மிடி வழியாக லேப்டாப்பில் இருக்கிற பிளக்இன்னை வாசிக்கும். பழகிய கட்டை, பழகிய லீவர், சத்தம் மட்டும் வேறு இடத்திலிருந்து. லேப்டாப் அண்ணனின் பழையதுதான். இன்டர்நெட்டைத் துண்டித்து, வேறெதுவும் ஓடாதபடி ஒழித்துத் துடைத்து வைத்திருக்கிறேன். அதில் மாமாவுக்கு மொத்தம் ஒன்பது சவுண்டுகள்தான் போட்டுக் கொடுத்திருக்கிறேன். ஐந்நூறு போட்டிருக்கலாம். "எதுக்குடா? தேடிட்டே உக்காந்திருக்கவா?" என்றார்.

குழு அண்ணன் வைகாசிக்கு முன்னால் ஒரு ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து கேட்டார். "இப்ப வந்தது எதுலீங், பெட்டியா லேப்டாப்பா?" என்று இரண்டு தடவை கேட்டார். மாமா சொல்லவில்லை. ஆனாலும் அந்தப் பையனையும் எடுத்துக்கொண்டார், இரண்டாவது கீபோர்டாக. மாமாவின் சம்பளம் குறையவில்லை, ஆனால் எல்லா நிகழ்ச்சிக்கும் மாமாவைக் கூப்பிடுவதும் இல்லை. சின்ன நிகழ்ச்சி என்றால் பையன் மட்டும் போகிறான். அவன் ஞாயிற்றுக்கிழமைகளில் போத்தனூருக்கு வந்து மாமாவிடம் லீவர் பிடிக்கக் கற்றுக்கொள்கிறான். நல்ல பையன், காதும் நல்ல காது. மாமா போகாத நாளில் அவன் போகிறான் என்பது மூன்று பேருக்குமே தெரியும், யாரும் பேசுவதில்லை. "இடது கையை அவசரப்படுத்தாதே கண்ணு" என்று மட்டும் மாமா சொல்லிக்கொண்டிருப்பார்.

இதை எழுதுகிற இப்போது பெட்டி என் மேஜைமேல் திறந்து கிடக்கிறது. நடுவில் இரண்டு கட்டைகள் எவ்வளவு மெதுவாகத் தொட்டாலும் 127 என்றே சொல்கின்றன. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்துப் பார்த்தேன், ஒன்று சரியானது. மற்றதுக்கு ரப்பரையே மாற்ற வேண்டும். யாரும் வாசிக்காத கடைசிக் கட்டையின் ரப்பரை எடுத்து அங்கே போடலாம் என்று இருக்கிறேன். வெள்ளிக்கிழமை பொள்ளாச்சியில் ஒரு நிச்சயதார்த்தம், மாமாவைத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அதற்குள் மூட வேண்டும்.